கல்லைக் கழுவியவர்

"எப்போ ஆரம்பிக்கிறது, சிஸ்டர்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"எதை?" என்றார் பிரகாசி.

"புது வாழ்க்கையை."

கோமதிநாயகத்துக்கு அறுபது வயது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் வேதியியல் நடத்தியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே புத்தகங்களைத் தானமாகக் கொடுத்தார். நாட்குறிப்புகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். ஒரே ஒரு பையோடு கிளம்பி, உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் இருந்த இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

பிரகாசிக்கு நாற்பத்தொன்று. கன்னியர் மடத்தை விட்டு வந்து பத்து வருடம் ஆகியும் ஊர் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டது. யார் வேண்டுமானாலும் அவர் வீட்டுக்கு வரலாம். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். கஞ்சி குடிக்கலாம். போகலாம்.

அவர் யாருக்கும் போதனை செய்வதில்லை. அதனாலேயே அவர் வாய் திறந்து சொல்வதில் எல்லாம் பெரிய போதனை இருப்பதாக வந்தவர்கள் நினைத்தார்கள்.

கோமதிநாயகமும் அப்படித்தான் நினைத்தார்.

"எட்டு மாசமா இங்க இருக்கேன். பழசை எல்லாம் துடைச்சுப் போட்டுட்டுத்தான் வந்தேன். ஆனாலும் காலையில எழுந்தா அதே ஆளாத்தான் எழுந்திருக்கேன்."

பிரகாசி கூடத்து மூலையைக் காட்டினார்.

அங்கே இரண்டு கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. ஒன்று பழையது. எப்போதோ ஊரை விட்டுப் போன ஒருவர் விட்டுச் சென்ற உப்புநீர்த் தொட்டி. அதில் இரண்டு கோமாளி மீன்கள், அவை ஒளிந்துகொள்ள, பூப் போல விரிகிற கடல் சாமந்தி என்ற ஓர் உயிர், நான்கு சின்ன இறால்கள், அடியில் ஒரு குவியல் கல். மற்றது அன்று காலை வண்டியில் வந்து இறங்கியது. வந்து போகிறவர்களில் யாரோ அனுப்பியிருந்தார்கள். ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம்.

"இதுல இருக்கிறதை அதுக்கு மாத்தணும் சார். மாத்துறீங்களா?"

அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"எதை எல்லாம் மாத்தணும்?"

"உயிருள்ளதை எல்லாம்."

கோமதிநாயகம் அந்தச் சொற்களை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

கடலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார். நான்கு மடிப்பு வெள்ளைத் துணியில் வடிகட்டினார். உப்பை அளந்தார். சூட்டை அளந்தார்.

கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பார்க்கச் சகிக்கவில்லை. பழுப்பும் ஊதாவுமாக அப்பியிருந்த பாசி. ஓட்டைகளுக்குள் நெளிகிற ஏதேதோ. கையில் எடுத்தால் வழுக்கியது, கடற்கரைச் சேறு போல நாறியது.

குழாயடியில் உட்கார்ந்து பிரஷ் போட்டுத் தேய்த்தார். ஓட்டைகளை ஊசியால் குடைந்தார். கல் எல்லாம் எலும்பு போல வெளுத்ததும் மொட்டை மாடியில் ஒரு பகல் முழுக்க வெயிலில் காய வைத்தார். மணலை ஏழு தண்ணீரில் அலசினார்.

மறுநாள் அந்தக் கல்லோடும் மணலோடும் மீன்களும் இறால்களும் கடல் சாமந்தியும் புதுத் தொட்டிக்குப் போயின.

தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மீன்கள் காற்றில் மிதப்பது போல இருந்தது. வந்தவர்கள் மௌனத்தை மறந்து "அடடா" என்றார்கள்.

பிரகாசி வந்து பார்த்தார்.

"அழகா இருக்கு சார்."

அன்று கோமதிநாயகம் நன்றாகத் தூங்கினார்.

மூன்றாம் நாள் கடல் சாமந்தி சுருங்கியது. விரிந்த பூவாக இருந்தது, பிழிந்து போட்ட துணி போல ஆனது.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அவர் உப்பை அளந்தார். சரியாக இருந்தது. சூட்டை அளந்தார். சரியாக இருந்தது. தொட்டியின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். விடை உள்ளிருந்து வரும் என்று காத்திருந்தார்.

நான்காம் நாள் இறால்கள் நான்கும் மல்லாந்து கிடந்தன.

ஐந்தாம் நாள் காலையில் சின்ன மீன் அசையவில்லை. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

பிரகாசி கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார். திரும்பி அவர் கையைப் பார்த்தார். அகப்பையை வைத்தார்.

"எப்போல இருந்து?"

"முந்தாநாள்ல இருந்தே சரியில்லை."

"முந்தாநாளே ஏன் சொல்லலை?"

"நீங்க வச்ச பரீட்சை. விடையை நானே கண்டுபிடிக்கணும்னுதான்..."

பிரகாசியின் முகம் சிவந்தது. எட்டு மாதத்தில் அவர் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"மீனை வச்சு யாராவது பரீட்சை வைப்பாங்களா சார்?"

கோமதிநாயகம் கையிலிருந்த மீனைப் பார்த்தார்.

"தொட்டி சின்னதா இருந்துச்சு. பெருசு ஒண்ணு வந்துச்சு. உங்களுக்குக் கை நிதானம்னு உங்ககிட்டச் சொன்னேன். அவ்வளவுதான்."

"அப்போ, உயிருள்ளதை எல்லாம்னு சொன்னது?"

"மீனைப் பிடிக்கிற மும்முரத்துல இறாலை விட்டுடாதீங்கன்னு சொன்னேன்."

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

"இப்ப என்ன பண்றது, சிஸ்டர்?"

"தெரியாது."

அவர் காத்திருந்தார். அந்த வார்த்தைக்குப் பின்னால் இன்னொரு வார்த்தை வரும் என்று.

"நிஜமாவே தெரியாது சார். ஏழு வருசமா தீனி போட்டேன், வத்தின தண்ணியை நிரப்பினேன். மாத்தினதே இல்லை. நீங்க கல்லைத் தேய்க்கும்போது நானும் அந்த வழியாத்தான் போய் வந்தேன். எனக்கும் அது கல்லாத்தான் தெரிஞ்சுது." அடுப்பை அணைத்தார். "தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது போய்க் கேட்போம். வாளியை எடுங்க."

பிரகாசி ஸ்கூட்டரை ஓட்டினார். பின்னால் கோமதிநாயகம் வாளியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தூத்துக்குடியில் ஒரு சந்துக்குள் ஜெரால்டு என்பவர் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்தார். கடை இருட்டாக இருந்தது. தொட்டிகள் மட்டும் வெளிச்சமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அதே பழுப்பு, அதே ஊதா, அதே நெளிசல்.

நடந்ததைக் கேட்டதும் ஜெரால்டு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கல்லைக் கழுவிட்டியளா?"

"ஆமா."

"நல்ல தண்ணியிலயா?"

"ஆமா. ஊசி வச்சுக் குடைஞ்சு."

"கழுவின தண்ணியை எங்க ஊத்தினிய?"

"வேப்பமரத்துக்கு."

"உப்புக் கல்லு கழுவின தண்ணியையா! அந்த மரம் உங்களுக்கு என்ன சார் பாவம் பண்ணுச்சு?"

பிரகாசி அங்கே கிடந்த ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வகுப்பில் முதல் வரிசைப் பெண் போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்களுக்குப் புரியும்படி சொல்லுங்க அண்ணன்."

"சொல்லதுக்கு என்ன சிஸ்டர் இருக்கு? மீனு தின்னா கழிக்கும். கழிச்சது விஷமாகும். அந்த விஷத்தைத் திங்கிறதுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. கல்லு ஓட்டைக்குள்ள, அழுக்கோட அழுக்கா குடியிருக்கும். நம்ம கண்ணுக்கு மீனுதான் அழகு. ஆனா தொட்டியை நடத்துறது அதுதான். கடல்ல வச்சு வேணா கல்லை லேசா ஒரு முக்கு முக்கி எடுக்கலாம். இவுக மொத்தக் குடும்பத்தையும் குழாயடியில கரைச்சு விட்டுட்டாவ."

"அமோனியா" என்றார் கோமதிநாயகம் மெல்ல.

"அதேதான். சாருக்கு முன்னாடியே தெரியுமோ?"

தெரியும். அமோனியா நைட்ரைட்டாவது, நைட்ரைட் நைட்ரேட்டாவது, அதைச் செய்கிற நுண்ணுயிர்களின் பெயர்கள், இரண்டு சமன்பாடுகள். முப்பத்து நான்கு வருடம் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதியவர். பிழையாக எழுதிய பையன்களுக்கு மதிப்பெண் குறைத்தவர்.

குழாயடியில் அது அவர் விரலிடுக்கில் வழுக்கியபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர் மெதுவாகக் கடைத் தரையில் உட்கார்ந்தார். ஈரம் வேட்டியில் ஏறியது.

ஜெரால்டு ஒரு தொட்டிக்குள் கையை விட்டு, இருப்பதிலேயே அசிங்கமான கல்லாகப் பார்த்து எடுத்து, அதே தொட்டித் தண்ணீரை ஊற்றிய அவர்கள் வாளிக்குள் இறக்கினார்.

"இதைக் காத்து படாம கொண்டு போங்க. வெளுத்த கல்லுங்களுக்கு நடுவுல வைங்க. அது பெருகி மத்த கல்லுல ஏறுறதுக்கு மூணு வாரம், நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் தெனமும் பாதித் தண்ணியை எடுத்துட்டுக் கடல் தண்ணி ஊத்தணும். சும்மா கடமைக்கு ஊத்துனா மீனு நிக்காது."

"ஊத்துறேன்" என்றார் கோமதிநாயகம்.

"வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். முக்கியமா, தேய்க்க வேண்டாம்."

திரும்பும் வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்கூட்டர் குதித்தது. ஒவ்வொரு முறையும் அவர் வாளியின் வாயைத் தன் மேல்துண்டால் மூடிக்கொண்டார்.

"சிஸ்டர்" என்றார். "அந்தச் சின்ன மீனு... அது என்னாலதான்."

"ஆமா சார்" என்றார் பிரகாசி. வண்டியை நிறுத்தவில்லை.

சிறிது தூரம் போன பிறகு, "என்னாலயும்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் குடத்தோடு கடலுக்கும் வீட்டுக்கும் நடந்தார். முதல் வாரம் முதுகு ஒடிந்தது. பிரகாசி ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். இரண்டு பேருக்கும் மிஞ்சிய மீன் பிழைக்குமா என்ற ஒரே யோசனைதான்.

கல் வந்த ஒன்பதாம் நாள் மீன் மேலே வந்து மூச்சு வாங்குவதை நிறுத்தியது. பன்னிரண்டாம் நாள் கடல் சாமந்தி ஒரு பக்கம் மட்டும் விரிந்தது.

வெளுத்த கற்களில் ஒன்றின் ஓரத்தில் பழுப்பாக ஒரு திட்டு படிந்தது. கோமதிநாயகம் அதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டார்.

வந்தவர்களில் ஒருவர் அவர் காதருகே குனிந்து, "தொட்டி அழுக்காகுது போல இருக்கே, ஐயா" என்றார்.

"ஆமாங்க" என்றார் கோமதிநாயகம், வாயெல்லாம் சிரிப்பாக.

பதினெட்டாம் நாள் காலை, கூடத்தில் ஏழெட்டுப் பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஜெரால்டு கொடுத்த கல்லின் ஓட்டை ஒன்றிலிருந்து நூல் போல ஏதோ நீண்டது. வரிவரியாக, மெல்லிய கை. அது தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது. பக்கத்துக் கல்லைத் தடவியது. உள்ளே போய்விட்டது.

"சிஸ்டர்!"

கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கண்ணைத் திறந்தார்கள்.

பிரகாசி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். கை முழுக்க மாவு.

"என்ன சார்? மீனுக்கு என்ன?"

"மீனுக்கு ஒண்ணுமில்லை. இங்க ஒண்ணு இருக்கு. நாம வைக்கவே இல்லை. நூல் மாதிரி ஒரு கை. இதோ, மறுபடியும் நீட்டுது!"

அவர் கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்றிருந்தார்.

"என்னது சார் அது?"

"தெரியலையே!" என்றார் கோமதிநாயகம். அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில்.

பிரகாசி மாவுக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்தார். எட்டிப் பார்த்தார். வலது பக்கம் சாய்ந்தார், இடது பக்கம் சாய்ந்தார்.

"கொஞ்சம் நகருங்க சார்" என்றார். "எனக்கும் தெரியலை."