துண்டுக்குள் பத்துக் கை

மாட்டுச் சந்தையில் கயிறு விற்கும் மூக்காயிக்கு வாய் சும்மா இருக்காது. காலையில், ஊர் நிலமெல்லாம் கையில் வைத்திருக்கும் கோம்பைமேட்டு மிட்டாதார் ஒரு நொண்டிக் காளையைப் பார்த்து, "சும்மா குடுத்தாலும் வேண்டாம்! கூட்டத்தைப் பார்த்து மாடு வாங்குற ஆள் நானில்லை" என்று மீசையை முறுக்கினார்.

"நாலு பேர் மொய்ச்சா நீங்களும் கேப்பீங்க, சாமி" என்றாள் மூக்காயி.

"சாயங்காலத்துக்குள்ள அப்படி என்னைக் கேக்க வெச்சுக் காட்டு. இல்லேன்னா இந்தச் சந்தையில உனக்குக் கடை கிடையாது!"

அங்கே யாரும் வாய்திறந்து விலை சொல்வதில்லை; துண்டுக்குள் கைவிட்டு, தரகரின் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். மூக்காயி பத்து வியாபாரிகளை அதே காளையைச் சுற்றி நெருக்கமாக நிறுத்தினாள். வால்கூட வெளியே தெரியவில்லை. தரகர் துண்டை விரித்தார். ஆளுக்கு ஆள் கையை விட்டார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், மறுபடியும் விட்டார்கள்.

தூரத்திலிருந்து பார்த்த மிட்டாதாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. முண்டியடித்து வந்து துண்டுக்குள் கைவிட்டு, எண்பது ரூபாய்க்கு விரலைப் பிடித்தார்.

"முடிஞ்சுது!" என்றார் தரகர். கூட்டம் விலகியது. நொண்டிக் காளை அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"இவனுங்க எவ்வளவுக்குக் கேட்டானுங்க?" என்று அலறினார் மிட்டாதார்.

"ஒருத்தரும் விரலைத் தொடலை, சாமி. கையை விட்டு விட்டு எடுத்தாங்க, அவ்வளவுதான். விலை சொன்னது நீங்க மட்டுந்தான்" என்றாள் மூக்காயி. "ஓட்டிட்டுப் போகக் கயிறு வேணுமா?"