கென்யாக் கட்டு

"கியானிஜி, தலைப்பாகையில எந்தக் கட்டு சரி? ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போய் அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன்."

கேட்டவர் பக்தாவர் சிங். லாரி ஓட்டி ஓய்ந்தவர், அறுபது வயது. குருத்வாராவில் கிரந்தம் ஓதும் கியானியோ அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் பக்தாவர் பாடம் கேட்பது அவரிடம்தான். சிறுபிள்ளை மாதிரி அடம்பிடிப்பதும் அவரிடம்தான்.

"யார் மூஞ்சிக்கு?"

"என் மகன் தில்பாக். கென்யாக் கட்டு கட்டறான். முன்பக்கம் கூரா, படகு மூக்கு மாதிரி! எங்க அப்பா, தாத்தா எல்லாரும் பட்டியாலாக் கட்டு. 'அதை மாத்தற வரைக்கும் என்கிட்ட பேசாதே'ன்னுட்டேன்."

"எத்தனை நாளாச்சு?"

"மூணு வாரம். இன்னிக்கு மத்தியானம் நைரோபிக்குக் கிளம்பறான். அவன் மாமன் வேலை வாங்கிக் கொடுத்திருக்கான். இனி எப்போ வருவானோ."

குரல் உடைந்தது. மனுஷர் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

கியானி குருத்வாராவின் சாப்பாட்டுப் பந்தியைக் காட்டினார். நீலத் துமாலாத் தலைப்பாகையை உயரமாகச் சுற்றிய நிஹாங் வீரர் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உருண்டைக் கட்டுக்காரர் ரொட்டி போட்டார். கறுப்புத் தலைப்பாகை கட்டிய அம்மாள் ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல யாரை வெளியே அனுப்பணும், சொல்லுங்க."

பக்தாவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இவங்க கட்டெல்லாம் ஒழுங்கா இருக்கே! அவனோடதுல மடிப்பெல்லாம் கோணல்!"

"ஏன் கோணுது?"

"பூணி சரியா எடுக்கலை. வேற என்ன?"

ஈரம் தெளித்த ஆறு கஜத் துணியை இருவர் எதிரெதிரே நின்று பிடித்து, விறைப்பாக இழுத்து மடிப்பதுதான் பூணி. தனியாளுக்கு அது சரிவராத வேலை.

"உங்களுக்கு யார் பிடிக்கறாங்க?"

"ஆறு வயசுலேர்ந்து அவன்தான் பிடிப்பான். வீட்டுல எங்க ரெண்டு பேரை விட்டா யாரு? இப்போ கதவுத் தாழ்ப்பாள்ல கட்டிக்கறேன்."

"அவனுக்கு?"

பக்தாவரின் கை தன் தலைப்பாகை மடிப்புக்குப் போனது.

கியானி பருப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் போய்விட்டார்.

பக்தாவர் செருப்பைக்கூடத் தேடவில்லை. வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடினார்.

தலையில் சின்ன உள்கட்டோடு தில்பாக் நின்றிருந்தான். துணியின் ஒரு முனை ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தது. மறுமுனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

பக்தாவர் ஜன்னல் முடிச்சை அவிழ்த்தார். முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

மகன் தயங்கினான். "அப்பா, நான் கென்யாக் கட்டுதான் கட்டப்போறேன்."

"தெரியும்டா. அதுக்கு எத்தனை மடிப்பு, சொல்லு."