காத்து எங்கே போச்சு?

செங்கோடனுக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு மாசிலாமணி சாமிக்கு நாற்பது. "சின்னப் பையன்கிட்டப் போயிப் பாடமாங்க, க்கும்" என்று மூக்காலேயே சிரித்தவர்களைச் செங்கோடன் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவர் காதில் போய் உட்கார்ந்துகொண்டது ஒரே ஒரு பேச்சுதான்.

ஆறு வருசத்துக்கு முன்னால், பந்தியில் வைத்து மாப்பிள்ளை சொன்னது அது. அன்றைக்கு இலையை மடித்துவிட்டு எழுந்தவர், அதற்கப்புறம் மகள் வீட்டுப் படி ஏறவில்லை.

இன்றைக்குக் காங்கேயத்தில் பேத்திக்குக் காதுகுத்து. பதினோரு மணிக்கு. மகள் போனில் கூப்பிட்டிருந்தாள். தோடு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தாகிவிட்டது. கால்தான் ஆசிரமத்து வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

"கோவம் போயிருச்சான்னு தெரியலீங்க சாமி. தெனமும் அஞ்சாறு தடவை பாக்கறனுங்க."

"எப்பிடிப் பாப்பீங்ணா?"

"கண்ணை மூடிட்டு, மாப்பிள்ளை சொன்னத அவரு மாதிரியே சொல்லிப் பாப்பனுங்க."

"எங்கே, சொல்லிக் காட்டுங்க."

செங்கோடன் கண்ணை மூடினார். உதட்டைக் கோணினார். குரலைத் தட்டையாக்கினார். "மாமா, ஊசி போடறதோட நிறுத்திக்குங்க! என்ற ஊட்டு விசயத்துல மூக்கை நொழைக்காதீங்க!"

அச்சு அசல் மாப்பிள்ளை. கட்டுத்தறியில் நின்ற பசு மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

செங்கோடனின் காது ரெண்டும் சிவந்துவிட்டன. "பாத்தீங்களா? இன்னும் இருக்குதுங்க."

சாமி சிரிப்பை மென்று விழுங்கினார். சாவியையும், காற்று அளக்கிற மீட்டரையும் நீட்டினார்.

"நம்ம சின்னக் கார எடுத்துக்குங்க. டயர்ல மட்டும் காத்துப் பாத்துருங்க. முப்பது இருந்தாக் கெளம்பீருங்க."

மணி எட்டு. சாமி வேப்ப மரத்தடியில் கடலை உரிக்க உட்கார்ந்தார்.

செங்கோடன் முப்பது வருசம் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பி.பி. பார்த்த ஆள். ஒரு தடவை பார்த்ததை அவர் கை நம்பாது. மூன்று சக்கரத்திலும் முப்பது. நாலாவது, இடது முன்சக்கரத்தில் வைத்தார். புஸ்ஸ். முப்பது. முள் லேசாக ஆடியதோ? மறுபடி வைத்தார். புஸ்ஸ். முப்பதுக்கு ஒரு மயிரிழை கீழே. நான் வைத்தது கோணலோ? புஸ்ஸ். குனிந்து, புஸ்ஸ். குந்தி உட்கார்ந்து, புஸ்ஸ். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புஸ்ஸ்ஸ்.

மணி ஒன்பது.

"சாமி! காத்து எறங்குதுங்க! இருபத்தஞ்சுதான் காட்டுது!"

"ஆணி கீணி இருக்குதான்னு பாருங்ணா."

டயரைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். ஆணி இல்லை. எச்சிலைத் தொட்டு வால்வில் வைத்துப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை.

"ஒண்ணுமே இல்லீங்க. வண்டி ஒரு அடி கூட நகரல. அப்பறம் காத்து எங்கீங்க போச்சு?"

சாமி வாயைக் குவித்தார். புஸ்ஸ். செங்கோடன் மாதிரியே குனிந்தார். புஸ்ஸ். கண்ணாடி துடைப்பது போலத் துடைத்தார். புஸ்ஸ்ஸ்.

செங்கோடன் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். பிறகு டயரைப் பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது.

சாமி டிக்கியைத் திறந்து கால் பம்பை எடுத்தார். கர்ர்ச், கர்ர்ச் என்று அவரே மிதித்தார். ஒரே ஒரு தடவை மீட்டரை வைத்தார். முப்பது. வால்வு மூடியைத் திருகினார்.

செங்கோடனின் கை தானாக நீண்டது. "இன்னொரு வாட்டி..."

"மூடி போட்டாச்சுங்ணா."

மீட்டர் சாமியின் மடிக்குப் போனது. பம்பு திரும்ப டிக்கிக்குப் போனது.

செங்கோடன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பையைத் தொட்டுப் பார்த்தார், தோடு இருந்தது. சாவியைத் திருகியவர், ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"மீட்டர் இல்லாமப் போறேன். வழியிலயோ, அங்க போயோ எதாச்சும் ஆயிருச்சுன்னா எனக்கு எப்பிடிங்க சாமி தெரியும்?"

சாமி ஒரு கை கடலையை ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டார்.

"வண்டி ஒரு பக்கமா இழுக்கும். கைக்குத் தெரிஞ்சுரும். ஓரங்கட்டிக் காத்து அடிச்சுக்குங்க. பம்பு டிக்கியிலதான் கெடக்குது."