வெள்ளையாய் விழுந்த படம்

பெரியமுனையில் பிலோமியிடம் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ரொம்ப நாள் தங்குவதில்லை. அவள் பாடம் நடத்துவதில்லை என்பதுதான் ஊர்ப் புகார். ஒன்று கேட்டால் எதையாவது செய்து காட்டுவாள், இல்லையென்றால் திருப்பி ஒரு கேள்வி கேட்பாள். காசைக் கொடுத்துவிட்டுக் கேள்வியை வாங்கிக்கொண்டு போக யாருக்குப் பொறுமை இருக்கிறது?

தாக்குப்பிடித்தவர் ஒரே ஒருத்தர். லியோன் மச்சாது. துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவளைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் இருந்ததில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் லியோன் பிலோமியின் ஸ்டுடியோவுக்குள் வந்து காமிராவை மேசைமேல் வைத்தார். நாலு நாள் தாடி. நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"டீச்சர், இந்த லென்ஸ் என் குடியைக் கெடுத்துட்டு" என்றார்.

அந்த லென்ஸ் காமிராக் கம்பெனி செய்ததில்லை, வேறு கம்பெனிக்காரன் செய்தது. அவர் ஆசைப்பட்டு வாங்கியபோது பிலோமி வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லா வெளிச்சத்திலும் ஒருதடவை எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். அவரும் எடுத்தார். கோயிலுக்குள் எடுத்தார், கல்யாண மண்டபத்தில் எடுத்தார், பேரப்பிள்ளை ஞானஸ்நானத்துக்கு எடுத்தார். முகம் பளிச்சென்று நிற்க, பின்னால் உள்ளதெல்லாம் பஞ்சாகக் கரைந்துபோயிருந்தது. மனுசன் தரையில் கால் பாவாமல் அலைந்தார். வெயிலில் மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை. அது அவருக்குத் தோன்றவும் இல்லை.

அவருடைய அண்ணன் கஸ்பார் கடலுக்குப் போகிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே எழுப்பிய ஒரு சுவரைப் பற்றிப் பதினாலு வருசத்துக்கு முன்னால் தகராறு வந்தது. சுவர் நின்றது, பேச்சு நின்றுபோனது. இரண்டு மாசத்துக்கு முன்னால் கஸ்பார் புது வள்ளம் வாங்கினார். மந்திரித்துக் கடலில் இறக்குவதற்கு நாள் குறித்தபோது, அவரே பெஞ்சாதியிடம் சொல்லியனுப்பினார், அவன் இப்போ படம் எடுக்கானாம்ல, அவனையே வந்து எடுக்கச் சொல்லு என்று.

லியோன் அன்று ராத்திரி தூங்கவில்லை. சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து, பதினோரு மணி வெயில். வெள்ளை மணல், வெள்ளைப் பெயின்ட் அடித்த வள்ளம், வெள்ளை அங்கியில் சாமியார். கஸ்பாரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பெரியமுனையில் ஒரு வழக்கம் உண்டு. சாமியார் தீர்த்தம் தெளித்தபிறகு, வள்ளத்தைத் தள்ளுமுன், உடையவன் அதன் முன்முனையில் கை வைத்து ஒரு நிமிசம் தனியாக நிற்பான். கடலுக்குப் போகிறவன் ஆயுசுக்கும் வீட்டில் மாட்டி வைக்கிற படம் அதுதான். தள்ளிவிட்டால் வள்ளத்தைத் திருப்பி இழுத்து இன்னொரு தடவை நிற்கக் கூடாது.

கஸ்பார் நின்றார். தம்பியைப் பார்த்துச் சிரித்தார். லியோன் எடுத்தார்.

பத்தொன்பதாம் நாள், வலை இழுக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கஸ்பார் எழவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை முப்பதாம் நாள் பூசை. நினைவு அட்டையில் போடப் படம் வேண்டும். வாக்காளர் அட்டையில் இருக்கிற படத்தில் மனுசன் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி முழிக்கிறார். தம்பி எடுத்த படம்தான் போடணும் என்று மதினி பிடிவாதமாக இருக்கிறாள்.

இவ்வளவையும் நின்றபடியே சொல்லிவிட்டு லியோன் காமிராவைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒன்றுமில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரைப் படம் எடுத்த மாதிரி இருந்தது.

"ஏன் டீச்சர் இப்படிப் பண்ணிச்சு?"

பிலோமி காமிராவில் எதையோ திருகினாள். லென்ஸை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே பாருங்கள் என்றாள். பட்டனை அமுக்கினாள். வட்டக் கண் அகலத் திறந்தபடியே இருந்தது. பிறகு தன்னுடைய பழைய லென்ஸை அதே காமிராவில் மாட்டி அமுக்கினாள். இப்போது உள்ளேயிருந்த மெல்லிய தகடுகள் சட்டென்று கூடி, மிளகளவு ஓட்டையை மட்டும் விட்டுவிட்டுத் திரும்ப விலகின.

லியோனுக்குப் புரிந்தது. கோயிலும் மண்டபமும் இருட்டு. அங்கெல்லாம் கண்ணை முழுசாகத் திறந்துதான் எடுத்திருக்கிறார். சுருங்கவேண்டிய வேலையே அதற்கு வரவில்லை.

"வேற கம்பெனி லென்ஸ் வாங்கினது என் தப்பு" என்றார்.

பிலோமி அவர் லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினாள். காமிராவைத் தொடுகிற இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைப் பொட்டுகள். அவற்றின்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. உப்பங்காற்று. பருத்தித் துணியை எடுத்து இரண்டு தடவை துடைத்தாள். திரும்ப மாட்டி அமுக்கினாள். தகடுகள் ஒழுங்காகக் கூடி விலகின.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

லியோன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

அவள் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். வெள்ளை சாம்பலாக மாறியது. வள்ளத்துக்கு அடியில் கிடந்த நிழல் வந்தது. ஒரு ஆளின் தலைமுடி வந்தது. முடிக்குக் கீழே முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல். இருட்டில் விழுந்த படமென்றால் தோண்டி எதையாவது எடுக்கலாம், வெளிச்சத்தில் போனது போனதுதான் என்றாள். வாக்காளர் அட்டைப் படத்தையே கொண்டுவாருங்கள், முடிந்தவரை சரிபண்ணிப் பெரிதாக்கித் தருகிறேன் என்றும் சொன்னாள்.

லியோன் தலையை மட்டும் ஆட்டினார்.

"எத்தனை படம் எடுத்தீங்க?"

"ஒண்ணுதான்."

"எடுத்ததும் திரையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வள்ளத்தைத் தள்ளுறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

அவள் காத்திருந்தாள். வெளியே மீன் ஏலக்காரன் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனான். லியோன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். அண்ணன் சின்ன வயசிலிருந்தே, உனக்கு ஒண்ணும் வராதுடே என்பார். கடல் வரவில்லை, நீச்சல் வரவில்லை, துடுப்பு வரவில்லை. அன்றைக்கு நாற்பது பேர் சுற்றி நிற்க, வள்ளத்தில் கைவைத்தபடி அண்ணன், படம் விழுந்துச்சாடே என்று கேட்டார். பதினாலு வருசத்துக்கப்புறம் நேருக்கு நேர் பேசின முதல் பேச்சு. விழலண்ணே, இன்னொரு தடவை சிரிங்க என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. நல்லா விழுந்துட்டுண்ணே என்றார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம், சரி தள்ளுங்கன்னுட்டாரு."

"அப்புறம் பத்தொன்பது நாள் இருந்துச்சே அண்ணாச்சி."

இதைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அண்ணன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார் டீச்சர், என்றார். முதல் தடவை லியோன் தன் பெஞ்சாதியை விட்டு, தூத்துக்குடி போயிருக்கார் என்று சொல்லவைத்தார். இரண்டாம் தடவை வீட்டில் லியோன் மட்டும்தான். கதவைத் தட்டினார் அண்ணன். லியோன், லியோன் என்று கூப்பிட்டார். இவர் ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அண்ணன் வாசல்படியில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

"படத்தைக் காட்டுன்னு கேட்டிருவாரேன்னு பயந்துட்டேன். அறுபது வயசுல ஒளிஞ்சு நின்னேன் டீச்சர். கதவைத் திறந்திருந்தா அண்ணன் முகத்தையாவது ஒருதடவை கிட்டத்துல பாத்திருப்பேன்."

பிலோமி காமிராவை மூடிபோட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

"திரைக்குப் பின்னாலேருந்து பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"என்னைக்கு அது?"

"திங்கக்கிழமை. சாயங்காலம் நாலரை இருக்கும். வெயில் தாழ்ந்திருந்துச்சு."

"வேலை நாளு. கடலுக்குக் கட்டுற சாரம்தானே உடுத்தியிருந்தாரு?"

"இல்ல. வேட்டி." லியோன் நினைவுபடுத்திப் பார்த்தார். "வெள்ளை வேட்டி. தலைக்கு எண்ணெய் வச்சுப் படிய வாரியிருந்தாரு. சவரம் பண்ணியிருந்தாரு. வெள்ளைச் சட்டை. வள்ளம் இறக்குன அன்னைக்குப் போட்டிருந்த அதே..."

மேசைமேல் இருந்த காமிராவைப் பார்த்தார்.

பிலோமி மெதுவாகச் சொன்னாள்.

"அப்போ அவரு படத்தைப் பாக்க வரல அண்ணாச்சி."