போயிட்டு வரேன் என்ற தண்ணீர்

அந்தக் காலத்தில் தண்ணீருக்கும் வாய் இருந்தது. மலையில் புறப்பட்டால் கடல் சேரும் வரை ஓயாமல் பேசிக்கொண்டே போகும். அப்படி ஓர் ஆடி மாதத்தில் ஒரு சிற்றாறு மேற்கேயிருந்து கிளம்பி வந்தது. கடல்தான் அதற்குத் தாய்வீடு. மேகமாக வீட்டை விட்டு வந்து வெகு நாளாகிவிட்டது, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் ஓடியது.

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மணல்மேடு, அதன்மேல் ஒரு குடிசை. உப்பு வாரிப் பிழைக்கும் பச்சையம்மாள் அங்கே பிள்ளை பெற்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"கொஞ்சம் நில்லு கண்ணு," என்றாள், மேட்டோரமாக ஓடி வந்த ஆற்றிடம்.

"எனக்கு நின்னு பழக்கமில்லக்கா. ஓடுறப்பவே அள்ளிக்குங்க."

அள்ளி அள்ளிக் குடித்தாள். பானையும் நிறைத்துக்கொண்டாள். ஆறு மேட்டைக் கடப்பதற்குள் பால் சுரந்தது. வயிறு நிறைந்த பிள்ளை ஆற்றின் பக்கம் திரும்பிச் சிரித்தது. அந்த வயதில் பிள்ளை ஆள் பார்த்துச் சிரிக்காது என்பார்கள். அதை ஆற்றிடம் யார் போய்ச் சொல்வது? அது உருகிப்போயிற்று.

"சரிக்கா, நான் போறேன்."

பச்சையம்மாளின் முகம் வாடியது. "பிள்ளை இருக்கிற வீட்ல போறேன்னு சொல்லக் கூடாது கண்ணு. போயிட்டு வரேன்னு சொல்லு."

வீடு வாசல் இல்லாத ஆற்றுக்கு இந்த முறையெல்லாம் என்ன தெரியும்? சொன்னால் போகிறது என்று, "போயிட்டு வரேன்," என்றது.

பத்தடி தாண்டவில்லை, கரையில் நின்ற கொக்கு ஒன்று சிரித்தது. "கடலுக்குள்ள போன தண்ணி எது திரும்பி வந்திருக்கு? மேகமா வந்தாலும் எந்த ஊர்ல பெய்வோம்னு உனக்கே தெரியாது. பச்சைப்பிள்ளை முன்னாடி பொய் சொல்லிட்டியே."

ஆறு தயங்கியது. முன்னால் அம்மாவின் அலைச்சத்தம். பின்னால், நாளைக்கும் பசிக்கப்போகிற பிள்ளை. பிறந்த நாளிலிருந்து முதல்முறையாக அது வாயை மூடியது. பிறகு மெல்லத் திரும்பி, மேட்டைச் சுற்றி வளைந்து வந்தது. நிற்கத் தெரியாததால் அப்படியே ஏரியாகப் படுத்துக்கொண்டது.

கடல் கூப்பிட்டுப் பார்த்தது.

"சொல்லிட்டேம்மா," என்றது தண்ணீர். அதற்குப் பிறகு அது பேசவேயில்லை.

பெற்றவளுக்குப் புரியாதா? தன் உப்பு போய் மகளைத் தொட்டுவிடாமல் இருக்க, கடலே மணலை வாரி வாரி நடுவில் கரை போட்டது. போடும்போது அழுதது.

அந்தப் பிள்ளையின் வழி பெருகி, மேடு ஊராகி, ஊர் நகரமானது. அன்று முதல்தான் அந்த ஏரி ஆழமில்லாமல் அகன்று, நகரத்தை அணைத்தபடி வளைந்து கிடக்கிறது. கடல் பக்கத்திலேயே இருந்தும் உப்புக் கரிப்பதில்லை. மேல்காற்று வீசினால் அதன் அலைகள் அம்மா போட்ட மணற்கரை வரைக்கும் போகும், தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடும்.