கோலப்பன் வைத்த கூழ்

"எங்கிட்ட என்ன குறை கண்டீங்க ஆசானே?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

ஆசான் மருந்துரலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தாணுலிங்கத்துக்கு வயிறெரிந்தது. இந்த வைத்தியசாலையில் லேகியம் கிண்டிக் கிண்டியே அவர் தலை நரைத்துவிட்டது. கோலப்பன் சீடனாக வந்து சேர்ந்தது போன மழைக்காலத்தில்தான். ஆனால் மெலிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் ஆசான் கோலப்பனைத்தான் கூப்பிடுகிறார்.

அவனோ லேகியத்தைத் தொடுவதே இல்லை. ஏத்தன் வாழைக்காய் மாவு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை என்று அவரவர் கொல்லையில் கிடைப்பதைக் கூழாக்கி ஊட்டச் சொல்கிறான். பிள்ளைகளும் தேறித் தொலைக்கின்றன.

"சாப்பிட்டியா?" என்றார் ஆசான்.

"பசியில்ல."

சமையல் கோலப்பன் கைக்குப் போனதிலிருந்து தாணுலிங்கத்துக்குப் பசியே எடுப்பதில்லை.

அப்போது பகவதி வந்தாள். இடுப்பில் மூத்த பிள்ளை, தோளில் கைக்குழந்தை. மூத்தவனுக்குக் கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. கோலப்பன் சொன்னபடி கூழ் காய்ச்சிக் கொடுத்தும் பலனில்லை என்றாள்.

"எல்லாத்தையும் துப்பிருதான் ஆசானே. இப்படியே போனா எனக்குப் பிள்ளை இல்லாமப் போயிரும்."

கோலப்பனின் கூழ் தோற்றதில் தாணுலிங்கத்துக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அதற்காக வெட்கப்படவும் செய்தார், கொஞ்சமாக.

"நீ பாரு" என்றார் ஆசான் அவரிடம்.

தாணுலிங்கம் இருப்பதிலேயே உயர்ந்த லேகியத்தை விரல் நுனியில் எடுத்து வந்து ஊட்டினார். பிள்ளை துப்பியது. மறுபடி வைத்தார். மறுபடியும் துப்பியது.

அதன் பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அது லேகியத்தையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த தம்பியையே முறைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். ஆசான் கோலப்பனைக் கூப்பிடும்போதெல்லாம் அவரும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

"சின்னவனை எங்கிட்ட தா மக்களே. இவனை மடியில போட்டு நீயே ஊட்டு."

"என்னத்த ஊட்ட?"

தாணுலிங்கம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"கோலப்பா, நீ வச்ச அந்தக் கூழை எடுத்துக்கிட்டு வா."

தாய் மடியில் பிள்ளை சற்று நேரம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தது. அரைக் கிண்ணம் உள்ளே போனது. பகவதி அழுதுகொண்டே ஊட்டினாள்.

"என்ன சீக்கு?" என்று கேட்டார் ஆசான்.

"சவலை, ஆசானே. தம்பி பொறந்ததும் மூத்தது ஏங்கி எளைச்சுப்போகுமே, அது."

ஆசான் சட்டியில் மீந்த கூழை ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். தாணுலிங்கத்தைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒரு கரண்டி எடுத்து, ஊதி ஆற்றி, அவர் முன் நீட்டினார்.

"வாயைத் தொற."