வரிசையில் நின்ற அணுக்கள்

பேராசிரியர் திருவேங்கடம் தான் உருவாக்கிய உலோகக் கலவையில் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்பதாகக் கட்டுரை எழுதிவிட்டார். எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்கும் ஜெசிந்தா மூன்று முறை பார்த்தாள், வரிசையே இல்லை. அதைச் சொன்னதற்கு, அவளுக்குத் தொழில் தெரியாது என்றார். கட்டுரையைச் சரிபார்க்க ஆய்வுக்குழு வந்த அன்று எல்லோர் முன்னாலும் அவளுக்குக் கெடு வைத்தார்.

“இன்னைக்கு அந்த வரிசையைக் காட்டணும். இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்.”

ஜெசிந்தா இயந்திரத்தைத் தயார் செய்தாள். அரை மணி நேரத்தில் திரையில் அணுக்கள் கோடு போட்டதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

“பாத்தீங்களா மேடம், இதுதான் என் கலவை,” என்று குழுத் தலைவியிடம் திரும்பினார் பேராசிரியர். “இந்தப் பொண்ணுக்கு இத்தனை நாளா கை வரலை.”

“உங்க கலவைதானா சார்? நல்லா பாத்துச் சொல்லுங்க,” என்றாள் ஜெசிந்தா.

“எனக்கே அடையாளம் சொல்லித் தர்றியா? நாலு வருஷமா இதோடதான் இருக்கேன்.”

குழுத் தலைவி அதைக் குறித்துக்கொண்டார்.

“இது தங்கம் சார். இயந்திரம் சரியா இருக்கான்னு பாக்க எப்பவும் முதல்ல இதைத்தான் வைப்போம். இயந்திரத்துலயும் கோளாறு இல்ல, என் கையிலயும் இல்ல. உங்க கலவையை இனிமேதான் வைக்கணும். வைக்கட்டுமா?”



“வைங்கம்மா, பாப்போம்,” என்றார் குழுத் தலைவி.